அவர் கையில் ஒன்றுமில்லை

முதலில் வந்தது வலிப்பு அல்ல, வாசனைதான்.

"சரோஜா, ரப்பர் எரியிற வாசனை வருதா?" என்று என் கணவர் கேட்பார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பஃபலோ சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், பலகை வைத்துத் தடுத்த அறையொன்றில் குடியிருந்தோம். காற்று திசைமாறி வீசினால் ரப்பர் ஆலைகளின் நாற்றம் எங்கள் சோற்றுப் பானை வரைக்கும் வந்துவிடும். அதனால், "வருது, வருது, அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அவர் சற்று நேரம் சுவரைப் பார்த்தபடி, எதையோ மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் பதில் வராது. பிறகு ஒன்றும் நடக்காதது போலச் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கிடங்கில் கப்பல் சரக்குகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. சில மாதங்களில் வீட்டிலேயே இரண்டு நாள் வலிப்பும் வந்து விழுந்தார்.

வீட்டில் வலிப்பு நோயாளி இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. செருப்பை மோந்து பார்க்கக் கொடு என்பார்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டு என்பார்கள். அவசரத்துக்கு 999ஐ அழைத்தால் யார் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. அதனால் கோபமாகத்தான் சொல்வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமைக் காலை. தேக்கா மார்க்கெட்டில் காதர் பாயின் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். காதர் பாய் எங்களுக்குப் பழக்கமானவர். என் கணவரை "மாணிக்கம் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். எலும்பு அதிகமாகப் போட்டுவிட்டார் என்று நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கணவர் என் பக்கம் திரும்பி, "ரப்பர் வாசனை வருதா?" என்றார். மார்க்கெட்டுக்குள், அத்தனை இறைச்சிக்கும் மீனுக்கும் நடுவில் ரப்பர் வாசனை எங்கிருந்து வரும் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

கேட்ட வாய் மூடவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் மாதிரி இல்லை. அப்படியே ஈரத் தரையில் விழுந்தார். உடம்பு விறைத்தது, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம்.

காதர் பாய் பலகையைத் தாண்டிக் குதித்தார். "இரும்பு, இரும்பு" என்று கத்திக்கொண்டே கையில் அகப்பட்டதை எடுத்தார். நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நாம் எல்லோருமே நம்பி வளர்ந்தவர்கள். ஒருவன் விழுந்தால் சாவிக்கொத்துகள் நாலு பக்கமிருந்தும் நீளும். இறைச்சிக் கடையில் சாவிக்கு எங்கே போவது? வெட்டுக்கத்தியை எடுக்காமல், ஆட்டுத் தொடை தொங்கவிடும் கொக்கியை எடுத்தாரே, அந்த மட்டும் அவருக்குப் புத்தி இருந்தது. கொக்கியின் காம்பை என் கணவரின் வலது கையில் வைத்து அழுத்தினார். விரல்கள் அதை இறுக்கிக்கொண்டன.

நான் எதிரிலிருந்த கோப்பிக் கடைக்கு ஓடினேன். அங்கேதான் தொலைபேசி இருந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அதை என் பக்கம் தள்ளினார்.

999இல் எடுத்தவர் போலீஸ். ஆம்புலன்ஸ் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். சந்தையில் பழகிய அரைகுறை மலாயில், என் கணவர் விழுந்துவிட்டார், துடிக்கிறார், சீக்கிரம் ஆம்புலன்ஸ் அனுப்புங்கள் என்றேன். சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். குடித்திருக்கிறாரா? இல்லை. ரத்தம் வருகிறதா? வருகிறது. யார் அடித்தது? யாரும் அடிக்கவில்லை. அப்படியானால் ரத்தம் ஏன் வருகிறது? அடிதடிக்கு வேண்டிய கேள்விகள் அத்தனையும் அவரிடம் தயாராக இருந்தன. நோய்க்கு ஒரு கேள்விகூட இல்லை. எனக்குப் பின்னால் மார்க்கெட்டே கத்திக்கொண்டிருந்தது. அது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அதனால் முதலில் வந்தது போலீஸ் கார். வேலை நிறுத்தமும் ஊர்வலமும் ஊரடங்குமாக இருந்த காலம் அது. கூட்டத்தைக் கண்டாலே மாத்தாக்களுக்கு (போலீஸ்காரரை அப்போது அப்படித்தான் சொல்வோம்) கை தடியைத் தேடும். இரண்டு பேர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஒரு நோயாளி அல்ல; வாயில் ரத்தமும் கையில் கொக்கியுமாக ஒருவன் கையை வீசிக்கொண்டு கிடந்தான், அவ்வளவுதான்.

இளையவர் குனிந்து கொக்கியைப் பிடுங்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கை வெட்டி இழுத்தது. கொக்கி முனை அவருடைய மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்துவிட்டது. மற்றவர் தடியை ஓங்கினார். "சாக்கித், சாக்கித்" என்று கத்தினேன். நோய், நோய் என்று அர்த்தம். "மாபோக்" என்றார் அவர். குடிபோதையாம். தடி என் கணவரின் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் விரல்கள் கொக்கியை விடவில்லை. அடித்தால் விடுகிற நிலையிலா இருந்தது அந்தக் கை? அதனால் மறுபடியும் அடித்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. நான் கூப்பிட்ட ஆம்புலன்ஸ். அதில் ஏறிப் போனவர் கை கிழிந்த மாத்தா. வலிப்பு ஓய்ந்து, யார் என்ன என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த என் கணவரைக் கைவிலங்கு போட்டுப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். திரும்பிப் பார்த்தேன். காதர் பாயைக் காணவில்லை.

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு சார்ஜெண்ட் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேலு என்ற தமிழ் மாத்தா நின்றார். தமிழ் முகத்தைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"இந்தாம்மா, இங்க நின்னு கத்தாத. குடிச்சிட்டு மாத்தாவ வெட்டிப்புட்டு, இப்ப வந்து நோய்னு சொன்னா விட்டுருவாங்களா?"

"அவரு குடிக்கலைங்க. வலிப்புங்க அது. கை உடைஞ்சிருக்கு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்க."

"வலிப்பு வந்தவன் கையில கொக்கி எப்படி வந்துச்சு?"

"காதர் பாய்தான் குடுத்தாரு. இரும்பு குடுத்தா நிக்கும்னு. உங்களுக்குத் தெரியாதா?"

வேலு அதை மொழிபெயர்க்கவே இல்லை. சார்ஜெண்டிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். "அப்படின்னா அந்தப் பாய வந்து சொல்லச் சொல்லு. நாளைக்குக் கோர்ட்டுல பேசிக்க, போ" என்றார். உள்ளே கம்பிக்குப் பின்னால் என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்திருந்தது. வலிப்புக்குப் பிறகு வெகுநேரம் அவருக்குத் தன் பேரே நினைவிருக்காது. முந்தைய மாதங்களில் வீட்டில் இரண்டு நாள் விழுந்தபோது நான் கண்டது இது. இரண்டாவது நாள், ஒரு முறை விழுந்து எழுந்த பிறகு மறுபடியும் வந்தது. இன்றும் வந்தால், உடைந்த கையோடு, சிமெண்டுத் தரையில், குடிகாரன் நடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் அவரை வெளியே கொண்டுவர வேண்டும். எனக்கிருந்த நினைப்பு அது ஒன்றுதான்.

மார்க்கெட்டுக்கு ஓடினேன். காதர் பாய் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். நீங்கதான் குடுத்தீங்கன்னு."

"என்னை இழுக்காதம்மா. நான் போய்ச் சொன்னா, ஆயுதம் குடுத்தவன்னு என்னையும் உள்ள வச்சிருவாங்க. நல்லது நெனச்சுத்தானே செஞ்சேன்."

"நீங்க நல்லது நெனச்சதுக்கு அவரு கை உடைஞ்சு கெடக்கு."

"அல்லா மேல ஆணையா, என்னால முடியாதும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வரிசையாகத் தொங்கிய கொக்கிகளில் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இந்தக் கொக்கிதான், இப்படித்தான் கொடுத்தார்கள் என்று மேசைமேல் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. சாலையில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் காதர் பாய் ரத்தக்கறைத் துண்டோடு ஓடி வந்தார்.

"குடுத்துரும்மா அத. உன்னையும் புடிச்சிப் போட்ருவாங்க. குடுத்துரு, நான் வர்றேன், நானே சொல்றேன்."

என் கையிலிருந்து கொக்கியைப் பிடுங்கித் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, காவல் நிலையத்துக்குள் அவர் எனக்கு முன்னால் போனார். நடந்ததை அவர் ஒன்று விடாமல் சொன்னார். வேலு இந்த முறை மொழிபெயர்த்தார். சார்ஜெண்ட் தலையை ஆட்டினார். நோயாளியிடம் யாராவது கொக்கியைக் கொடுப்பார்களா, பைத்தியமா உனக்கு, நண்பனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாயா என்று கேட்டார். அந்த நம்பிக்கையை எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது?

அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது, மனிதச் சத்தம் மாதிரி இல்லாத சத்தம்.

முதலில் ஓடியவர் வேலு. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக் கம்பிக் கதவைத் திறந்தார். என் கணவர் தரையில் இழுத்துக்கொண்டு கிடந்தார். வேலு யோசிக்கவே இல்லை. "இரும்பு, இரும்பு" என்று முணுமுணுத்தபடி குனிந்து, அந்தச் சாவிக்கொத்தையே கைதியின் நல்ல கையில் வைத்து விரல்களை மூடி அழுத்தினார்.

சார்ஜெண்ட் கதவருகில் வந்து நின்றார். கைதி கையில் சிறைச் சாவி. அதைக் கொடுத்தது அவருடைய ஆள். அவர் வேலுவைப் பார்த்தார், காதர் பாயைப் பார்த்தார், பிறகு துண்டில் சுற்றியிருந்த கொக்கியைப் பார்த்தார். சார்ஜெண்ட் மேசைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். அவர் கேட்டதும் ஆம்புலன்ஸ் உடனே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழர். முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். மறு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. அந்த ரப்பர் வாசனையைப் பற்றி நான் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அது முன்னறிகுறி (வலிப்பு தொடங்குமுன் நோயாளிக்கு மட்டும் தெரியும் உணர்வு) என்றார். இல்லாத வாசனையை மூளையே உண்டாக்கிக்கொள்கிறதாம். இத்தனை மாதம் நானும் அதற்கு "வருது, வருது" என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

"தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?" என்று டாக்டர் அவரிடம் கேட்டார்.

"எந்த வருஷம்னு கேக்குறீங்க டாக்டர்? யுத்தத்துல ஜப்பான்காரன் ஆண்டப்ப வரிசையில நின்னா ஒரு அடி, நிக்காட்டி ரெண்டு அடி" என்றார் என் கணவர். விழுந்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். டாக்டர் சிரிக்கவில்லை.

என்னிடம் சொன்னது இது: "அம்மா, கையில எதையும் வைக்காதீங்க. வாயிலயும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு, அடிபடாமப் பாத்துக்கிட்டா போதும், தானா நிக்கும். நிக்காம ஒண்ணு மேல ஒண்ணா வந்தா உடனே தூக்கிட்டு வந்துருங்க." அந்தக் கடைசி வகைக்குத் தொடர் வலிப்பு (நினைவு திரும்புமுன் அடுத்தது வந்துவிடுவது) என்று பேர். உயிரைக் கொண்டுபோவது அதுதான்.

வழக்குப் போடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. விலங்கைக் கழற்ற வேலுதான் வந்தார். கழற்றிக்கொண்டே, "எங்க சித்தப்பாவுக்கும் இது இருக்குக்கா" என்றார்.

"அப்ப நான் வந்து சொன்னப்ப ஏன் தெரியல?"

"டூட்டி லா அக்கா" என்று விலங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். டூட்டி என்றால் சித்தப்பா மறந்துபோவார் போலிருக்கிறது.

கட்டுப் பிரிக்கப் போன அன்று வெளிநோயாளிகள் பெஞ்சில் அந்த இளைய மாத்தாவும் உட்கார்ந்திருந்தார். சாதாரணச் சட்டைதான், கையில் நீளத் தழும்பு. எங்களை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கண் முதலில் போனது என் கணவரின் கைகளுக்கு. பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். அவரையும் பாவம் என்று நினைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை.

பீனோபார்பிட்டோன் (மூளையின் வேகத்தை அடக்கிவைக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார்கள். அது வலிப்பை அடக்கியது. அவரையும் கொஞ்சம் அடக்கியது. சாப்பிட்டபடியே தூங்குவார். பேச்சு மெதுவானது. கை கூடியது, ஆனால் மழைக்கு முன்னால் வலிக்கும். கிடங்கில் ஏணி ஏற விடாமல் கீழே நின்று செய்யும் வேலை கொடுத்தார்கள். அதற்கே கும்பிட வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இல்லை. இறைச்சிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவில் அவரிடம் ஒன்றுமே கிடையாது. தன்னை யார் அடித்தார்கள் என்று என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடி அவருக்கு, ஞாபகம் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். எந்தப் பங்கு பெரியது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அறுபதுகளில் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. வருடக்கணக்கில் வலிப்பு வராததால் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தோம். ஒரு மத்தியானம், கடும் காய்ச்சலில் மாத்திரையையும் சேர்த்து வாந்தியெடுத்த நாளில், மறுபடியும் விழுந்தார். நின்றது. கண் திறக்குமுன் அடுத்தது வந்தது. டாக்டர் சொன்ன தொடர் வலிப்பு.

பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடி வந்தாள். நல்ல மனசுக்காரி. அதுதான் எனக்குப் பயம். "அவரப் பாத்துக்க. கையில எதையும் குடுக்காத" என்று சொல்லிவிட்டுக் கீழே மளிகைக் கடைத் தொலைபேசிக்குப் படியிறங்கி ஓடினேன். எண்ணைச் சுழற்றும்போது விரல் வழுக்கியது. கூப்பிட்டால் யார் வருவார்கள்? கூப்பிடாவிட்டால் செத்துப்போவார். மறுமுனையில் குரல் வந்ததும் என் வாயில் முதலில் வந்தது வீட்டு முகவரி அல்ல.

"என் கணவர் கையில் ஒன்றுமில்லை" என்றேன் மலாயில். "ஆயுதம் இல்லை. குடிக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை. நோய்."

அந்தக் குரல், "வீடு எங்கே?" என்று கேட்டது.

மூச்சு வாங்க மேலே வந்தால், அவர் கையில் இரும்புத் தோசைக் கரண்டி.

"சும்மா எப்படிக்கா விடுறது, மனசு கேக்கல" என்றாள் அஞ்சலை.

கீழே ஆம்புலன்ஸின் மணிச்சத்தம் கேட்டது. கரண்டியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இழுப்பு சற்றுத் தளர்ந்த நொடியில் உருவி எடுத்து, எட்டிய மட்டும் வீசினேன். அஞ்சலை அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் கை காலியாக இருக்கும்வரை யாராவது எதையாவது வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கையை உள்ளே வைத்தேன். பாசத்தில் வைத்ததாக நினைக்காதீர்கள். இடத்தை அடைப்பதற்காக வைத்தேன். அடுத்த இழுப்பில் அவர் விரல்கள் மூடின. என் நடுவிரல் முறிந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து என் கையைப் பார்த்தார்கள். "இவரா உன்னை அடித்தார்?" என்று ஒருவர் கேட்டார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இல்லை, நான்தான் கொடுத்தேன்" என்றேன். என் கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தே தூக்கிப் போனார்கள். யாரும் தடி எடுக்கவில்லை. நன்றி சொல்லத் தோன்றியது; சொல்லவில்லை. நோயாளியை நோயாளியாகப் பார்த்ததற்கு எதற்கு நன்றி?

பிழைத்தார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். என் நடுவிரல் நேராகக் கூடவில்லை. சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக நிற்கும். இப்போது எனக்குக் கடிகார நேரம் பெரிதில்லை. அவர் வாசனை வருதா என்று கேட்பதற்கும் கீழே விழுவதற்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் நேரம். அடுப்பை அணைக்கலாம், நாற்காலியை நகர்த்தலாம், கதவை உள்பக்கம் தாழிட்டு அஞ்சலையை வெளியே நிறுத்தலாம். அவ்வளவுதான் முடியும். அது போதும்.

பகலில் அவர் கண்ணயர்ந்தால் போய் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். தூக்கத்திலேயே, "ஒண்ணுமில்ல சரோஜா" என்பார்.

புக்கிட் மேராவில் ரப்பர் ஆலை வாசனை வருவதில்லை. அதனால் அவர் கேட்டால் இப்போது நான் பொய் சாட்சி சொல்வதில்லை. நேற்றுக் காலை கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "ரப்பர் வாசனை வருதா?" என்றார்.

"வரல" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.